ஹொங்கொங்கில இருந்து போன் எடுத்தது உன்ர அம்மாதான்

மல்வேர்ன், ஸ்காபரோ
ஒக்டோபர் 1996

அன்பு மகள் றெபேக்காவுக்கும் மருமகன் கிறிஸ்துநாயகத்துக்கும் இன்னும் பேர் வைக்காத மூண்டாவது ஆளுக்கும் அப்பா எழுதுறது. இஞ்ச எங்களுக்கு ஆண்டவர் ஒரு குறையும் வைக்கேல்லை, என்ர பிரசர்க் குளிசையும் அம்மான்ர முழங்கால் எண்ணெயும் நேரத்துக்கு நேரம் நடக்குது, உங்கட பக்கம் மூண்டு பேருக்கும் எல்லாம் அப்பிடியே ஒழுங்கா நடக்க மாதாவை மன்றாடுறம். உன்ர கடிதமும் கோயில் பிள்ளையளோட நீ நிக்கிற படமும் கிடைச்சது. வயிறு வடிவாத் தெரியுது, முகம் மெலிஞ்சு போச்சுதெண்டு அம்மா சொல்லுறா, எனக்கு அப்பிடித் தெரியேல்லை, இருந்தாலும் அவ சொன்னால் சரியாத்தான் இருக்கும். அந்த ஸ்கூட்டர் ஓட்டத்தை இப்பவாவது நிப்பாட்டு. மழைக்கோட்டையும் போட்டுக்கொண்டு வயித்தையும் தள்ளிக்கொண்டு நீ கிளினிக்குக்குப் போறதைக் கண்டு அந்த ஊர் மீன்பிடிக்காரர் சிலுவை போடுறாங்கள் எண்டு பகிடியா எழுதியிருக்கிறாய். அவங்களில முக்கால்வாசிப் பேர் வேதக்காரர் இல்லையெண்டும் நீதான் முந்தி எழுதினனீ. நாலு வருசமா நீங்கள் ரெண்டு பேரும் மிசன் செய்து வராததை உன்ர ஸ்கூட்டர் ஓட்டம் செய்து முடிச்சிட்டுது போல.

இனி முக்கியமான விஷயத்துக்கு வாறன், கதிரையில இருந்துகொண்டு வாசி. உங்கட கோயில் அடுப்படியையும் கோயிலுக்கு வாற பொம்பிளையளையும் ஒரு கையால ஆளுற அந்தச் சென் அம்மாவைப் பற்றி எழுதேக்க ஒரு புதினமும் எழுதியிருந்தாய். நீ இல்லாத நேரம் ஆரோ ஒரு மனுசி உங்கட வீட்டுக்குப் போன் எடுத்து ஹொங்கொங் ஆக்கள் கதைக்கிற சீனத்தில கத்தினவளாம், சென் அம்மான்ர தாயைச் சொல்லிச் சொல்லித் திட்டினவளாம், சென் அம்மா பயந்துபோய்ப் போனை வச்சிட்டுச் சுவாமியிட்ட ஓடினவவாம், ஏதும் காசு பறிக்கிற கூட்டமோ தெரியாதெண்டு நாயகம் பொலிசிட்டச் சொல்லுவமோ எண்டு யோசிக்கிறாராம். மகள், மருமகனைப் பொலிசுக்குப் போகவேண்டாமெண்டு உடனை சொல்லு. ஹொங்கொங்கில இருந்து ஒருத்தியும் எடுக்கேல்லை. அது உன்ர அம்மா. இஞ்ச எங்கட குசினியில, மேசைத்துணியை ஒரு கையால முறுக்கிக்கொண்டு நிண்டு கதைச்ச உன்ர சொந்த அம்மா றீற்றா.

எப்பிடி வந்ததெண்டால், நீ பிள்ளைத்தாச்சியா இருக்கிறன் எண்டு எழுதின கடிதத்திலேயே தொடங்கினது. அந்தக் கடிதத்தை நான்தான் சத்தமா வாசிச்சன். சந்தோசச் செய்தியைக் கேட்டு அம்மா படத்துக்கு முன்னால போய் மெழுகுதிரி கொழுத்தப் போனவ, நான் மற்றப் பக்கத்தையும் வாசிக்கத் தொடங்கினன், அதில நீ அம்மா இந்தக் குளிருக்கையும் முழங்கால் நோவோடயும் மினக்கெட்டு வரவேண்டாம், இஞ்ச சென் அம்மாவும் கோயில் பொம்பிளையளும் எனக்கு ஒரு மாதம் இருந்து பத்தியம் பாக்கப் போகினம், வேண்டாமெண்டால் அவைக்கு மனம் நோகும், இந்த ஊரில அது பெரிய விஷயம் எண்டு எழுதியிருந்தாய். அம்மா நெருப்புக்குச்சியைத் திரும்பப் பெட்டிக்கை வச்சிட்டுப் போய் பிறிட்ஜைக் கழுவத் தொடங்கினா. உனக்குத் தெரியுந்தானே, உன்ர அம்மா பிறிட்ஜ் கழுவினால் அது ஒரு சாதாரண கோவம் இல்லை. தட்டுகள் எல்லாத்தையும் கழட்டி வெளியில வச்சுக் கழுவினா, நான் தேத்தண்ணிக்குப் பால் எடுக்கப் பயந்து பிளேன்ரீ குடிச்சன். பிறகு முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டா, நான் உயிரோட இருக்கேக்க என்ர பிள்ளைக்கு ஆரோ ஒரு சீன மனுசி பத்தியச் சரக்கு அரைக்கிறதோ எண்டு.  போன வருசம் உனக்கு அந்தக் குழந்தை தங்காமல் போன நேரம் எங்களுக்குச் சிற்றிசன் கிடைக்காதபடியால் அம்மாவால உன்னட்ட வரமுடியேல்லை. நீயும் எல்லாம் முடிஞ்சு கன நாளைக்குப் பிறகுதான் எங்களுக்கு அறிவிச்சனீ. அதுக்குப் பிறகு அவ கோயில் பாட்டுக் குழுவுக்கும் போகாமல் விட்டதை நான் உனக்கு எழுதேல்லை. அந்த மனுசியிட்ட நான் அண்டைக்கு என்னத்தைச் சொல்ல.

பிறகு அவவில ஒரு மாற்றம் தெரியத் தொடங்கிச்சுது. ஒஷாவா வேலையால நான் வாற நேரம் ஆள் வீட்டில இல்லை. கேட்டால் பக்கத்து வீட்டு மிசிஸ் வோங்கிட்டப் போனனான் எண்டு சொல்லுவா. உனக்கு அவவைத் தெரியாது, நீங்கள் போனதுக்குப் பிறகுதான் எங்கட சுவரோட ஒட்டின ரவுண்ஹவுசுக்கு வந்தவ, புருசன் இல்லை, மகன் வங்கூவரில. குளிருக்கையும் வாசலில நிண்டு கையைக் காலை மெல்லமா ஆட்டித் தேகப்பயிற்சி செய்யிறவ. ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச இங்கிலிசைச் சேர்த்தால் ஒரு ஆளுக்கே காணாது, அதை வச்சுக்கொண்டு மணிக்கணக்காக் கதைப்பினம். நான் முதல்ல அம்மா கார் ஓட்டப் பழகுறாவாக்கும் எண்டு நினைச்சன். பிறகு குசினியில தனிய நிண்டு ஆரோடயோ சண்டை பிடிக்கிற மாதிரிச் சத்தம் கேக்கத் தொடங்கிச்சுது. ஒரே சொல்லை மேல இழுத்தும் கீழ விட்டும் நடுவில முறிச்சும் சொல்லுவா. எனக்குப் பயம் வந்திட்டுது, டொக்ரரிட்டக் காட்டுவமோ எண்டும் யோசிச்சன். ஒருநாள் நேரடியாக் கேட்டன். நாணப்பட்டுக்கொண்டு சொன்னா, சீனம் படிக்கிறன், போய் நிண்டு அந்தச் சென் அம்மாவோட அவவின்ர பாசையிலேயே கதைச்சு என்ர பிள்ளையைப் பொறுப்பெடுக்கப் போறன், றெபேக்காவுக்குச் சொல்லிப் போடாதேங்கோ, அவள் ஆச்சரியப்படவேணும் எண்டு.

உண்மையாச் சொல்லுறன் மகள், எனக்குப் பெருமையா இருந்தது. அவ சொல்லிக் காட்டினா, நான் எண்டதுக்கு ஙோவாம். அரிவரியில ங எழுதப் பழக்கினதோட அந்த எழுத்தின்ர வேலை முடிஞ்சுதெண்டுதான் நான் இவ்வளவு காலமும் நினைச்சிருந்தன், ஸ்காபரோவில வந்துதான் அதுக்கு ஒரு வேலை கிடைச்சிருக்கு. வணக்கம் எண்டதுக்கு நெய் ஹோவாம். அம்மா எண்டதுக்கு மாமாவாம். இந்த மாமாவில அவ கன நாள் தடக்குப்பட்டா. நான் றெபேக்கான்ர மாமா எண்டு சொல்ல வாய் வருகுதில்லை, என்ர தம்பி நீக்கிலாஸ்தான் கண்ணுக்கு முன்னால வந்து நிக்கிறான் எண்டு சொல்லிச் சிரிப்பா. படிப்பிக்கிறதுக்குக் கைமாறா மிசிஸ் வோங்குக்கு வடையும் கட்லெற்றும் போகும். அங்கயிருந்து ஒருநாள் ஒரு போத்தல் வந்தது, பண்டிக்கால், இஞ்சி, முட்டை எல்லாம் போட்டு இனிப்பு வினாகிரியில காய்ச்சினது. நான் அச்சாறு மாதிரி ஏதோவெண்டு நினைச்சுச் சோத்தோட முழுக்க முடிச்சிட்டன். அது பிள்ளை பெத்த பொம்பிளையளுக்குக் குடுக்கிறதெண்டும் அம்மா ருசி பாத்துப் பழகத்தான் தந்ததெண்டும் பிறகுதான் தெரியும். மிசிஸ் வோங் என்னைக் காணுற நேரமெல்லாம் உடம்பு எப்பிடி எண்டு கேட்டுச் சிரிக்கத் தொடங்கிட்டா. என்ர முதுகு உளைவு கொஞ்சம் குறைஞ்சது உண்மை.

உன்னட்ட ஒரு சந்தேகமும் கேக்க வேணும், இது உன்ர டிப்பாட்மென்ற். மிசிஸ் வோங்கின்ர வீட்டு வாசலுக்குள்ள சிவப்பாய் ஒரு சின்னச் சாமி மாடம் இருக்கு, தோடம்பழம் வச்சு ஊதுபத்தி கொழுத்தியிருக்கும். சீனம் படிக்கப் போற சாட்டில அந்த மனுசிக்கு வேதத்தைப் பற்றியும் ரெண்டு சொல்லுவம் எண்டு அம்மாவுக்கு ஒரு நினைப்பு இருந்தது. மகள் அங்க செய்யிறதைத் தாய் இஞ்ச செய்தாலென்ன எண்டு. மாதா படத்தைக் காட்டினாவாம். மிசிஸ் வோங் பாத்திட்டு நல்ல அம்மா, எங்களிட்டயும் வெள்ளை உடுப்போட ஒரு அம்மா இருக்கிறா, பிள்ளை கேட்டால் தருவா எண்டு சொல்லித் தன்ர படத்தைக் காட்டினாவாம். அதோட அம்மான்ர பிரசங்கம் முடிஞ்சுது. வீட்டை வந்து, அந்தப் படம் வடிவா இருக்கெண்டு சொல்லிப்போட்டன், பாவமோ எண்டு என்னட்டக் கேட்டா. எனக்கென்ன தெரியும். நீங்கள் அங்க இப்பிடியான இடத்தில என்ன சொல்லுறனீங்கள் எண்டு எழுது. மிசிஸ் வோங் போன ஆவணியில மிட்லண்டில நடந்த எங்கட மடு மாதா திருநாளுக்கும் பஸ்ஸில வந்து, வெயிலுக்கை நிண்டு பூசை முழுக்கப் பாத்து, எல்லாருக்கும் முதல் சாப்பாட்டு வரிசையில நிண்டவ. சண்முகநாதன் அண்ணையும் பகிடிக்கு வந்திருந்தார், என்னோட ஒஷாவாவில வேலை செய்யிறவர், சைவக்காரர். அவர் சொல்லுறார், சனமெல்லாம் ஆசியாவை விட்டுக் கனடாவுக்கு ஓடி வர, கனடாவை விட்டு ஆசியாவுக்கு ஓடின ஒரே யாழ்ப்பாணத்துப் பிள்ளை உன்ர மகள்தான் எண்டு.

சரி, போன் விஷயத்துக்கு வாறன். அம்மா உங்களிட்ட வாறதுக்கு ரிக்கற்றும் போட்டாச்சு, பாஸ்போட்டும் வந்திட்டுது, அம்மாவுக்குத் தன்ர சீனத்தைக் காட்டாமல் இருக்க முடியேல்லை. உன்னை எழுப்பிச் சீனத்தில கதைச்சு வெருட்டுவம் எண்டுதான் எடுத்தவ. எடுத்தது ஒரு சீனப் பொம்பிளைக் குரல், உங்கட வீட்டை உதவிக்கு வாற சென் அம்மாதான். இது ஆண்டவர் தந்த சந்தர்ப்பம் எண்டு அம்மா எனக்குக் கண்ணைக் காட்டிப்போட்டு, நெய் ஹோ, ஙோ ஹய் றெபேக்கா மாமா எண்டு தொடங்கினா. அந்தப் பக்கத்தில வேய் வேய் எண்ட சத்தம் மட்டும்தான். விளங்கேல்லையாக்கும் எண்டு இவ இன்னும் கொஞ்சம் உரத்து மாமா, மாமா எண்டு சொன்னா. அங்க உன்னை ஒருத்தரும் றெபேக்கா எண்டு கூப்பிடுறேல்லை, சீனப்பேர் ஒண்டு வச்சிருக்கினம் எண்டது எங்களுக்கு அண்டைக்குத் தெரியாது, நீயும் சொல்லேல்லை. கடைசியில படக்கெண்டு போன் வச்ச சத்தம். அம்மா ரிசீவரைப் பிடிச்சபடி மெல்லமாச் சொன்னா, பாத்தீங்களே, நான் ஆரெண்டு அறிஞ்சும் வச்சிட்டா, அந்த மனுசிக்கு நான் வாறது பிடிக்கேல்லை, என்ர பிள்ளை அவவின்ர பிள்ளையாகிட்டுது, வேண்டாத இடத்துக்கு நான் ஏன் போறன், ரிக்கற்றைத் திருப்பிக் குடுங்கோ எண்டு. நான் எவ்வளவோ சொன்னன், கேக்கேல்லை. மிசிஸ் வோங் வந்து கதவைத் தட்டினாலும் தலையிடி எண்டு சொல்லச் சொன்னா. சூட்கேசுக்கை வச்ச பிள்ளைச் சட்டையளை ஒவ்வொண்டா எடுத்துத் திரும்ப அலுமாரி லாச்சிக்கை அடுக்கினதைப் பாத்தன். அந்தக் கிழமை வீடு செத்தவீடு மாதிரி இருந்தது மகள், சும்மா சொல்லேல்லை.

நல்ல காலத்துக்கு உன்ர கடிதம் வந்தது. ஹொங்கொங் மனுசி எண்ட இடம் வந்தவுடன எனக்கு வாசிக்க ஏலாமல் சிரிப்பு வந்திட்டுது. என்னெண்டு கேட்டுக் கடிதத்தைப் பறிச்சு வாசிச்ச அம்மாவுக்குச் சிரிப்பு வரேல்லை, நேரா மிசிஸ் வோங்கிட்டப் போனா, நானும் பின்னால போனன். என்ன சீனம் நீ எனக்குப் படிப்பிச்சனீ எண்டு கேட்டா. மிசிஸ் வோங், நல்ல சீனம், எங்கட ஹொங்கொங் சீனம் எண்டா. உன்ர மகள் எங்க எண்டு அப்பதான் கேட்டா. தாய்வான் எண்டு நான் சொன்னன். அந்த மனுசி ஐயோ எண்டு நெத்தியில அடிச்சுக்கொண்டு கதிரையில இருந்தா. தாய்வானோ, நீ சீனருக்குள்ள மிசன் எண்டுதானே சொன்னனீ, அவை கதைக்கிறது வேற, நாங்கள் கதைக்கிறது வேற, எங்கட கதை அவைக்கு விளங்காது எண்டு. இவ்வளவு மாதமும் ஒருத்தரை ஒருத்தர் இதைக் கேக்கேல்லைப் பார். தமிழ் படிக்கிறன் எண்டு போய் மலையாளம் படிச்சிட்டு வந்த மாதிரி. மிசிஸ் வோங் முதல் சிரிக்கத் தொடங்கினா, பிறகு நான், கடைசியில அம்மாவும். சிரிச்சுச் சிரிச்சு அம்மாவுக்கு அழுகையும் வந்திட்டுது, அந்த மனுசிக்குத் தன்னில கோவம் இல்லை, தன்னை ஆரெண்டே தெரியாது எண்டு திரும்பத் திரும்பச் சொன்னா.

மிசிஸ் வோங் பிழையை விட்டுப்போட்டுச் சும்மா இருக்கிற ஆள் இல்லை. ஷெப்பேர்ட்டில ஒரு சீனப் பிளாசாவில தாய்வான் மனுசி ஒராள் பேக்கரி வச்சிருக்கிறா, அவவிட்ட எங்களைக் கூட்டிக்கொண்டு போனா. நீ செவ்வாய்க்கிழமை காலமை பெரியாஸ்பத்திரிக்குச் செக்கப்புக்குப் போறனீ எண்டு எழுதினது அம்மாவுக்கு ஞாபகம், உங்கட செவ்வாய் காலமை எங்களுக்குத் திங்கள் பின்னேரம், அந்த நேரம் பாத்துப் பேக்கரியின்ர பின்னறையில மாமூட்டைக்கு மேல போனை வச்சு, எல்லாருக்கும் கேக்கிற மாதிரிப் பொத்தானை அமத்தி, போன் காட்டைச் சுரண்டி நம்பரை அடிச்சம். சென் அம்மாவே எடுத்தா. அம்மா தமிழில சொல்ல, நான் இங்கிலிசாக்க, பேக்கரி மனுசி அதைச் சீனமாக்க, சென் அம்மான்ர மறுமொழி அதே வழியால திரும்பி வரும். மிசிஸ் வோங் ஒரு பணிசைச் சாப்பிட்டுக்கொண்டு தன்ர சீனத்தில இடைக்கிடை புத்தி சொல்லுவா, அது ஒருத்தருக்கும் தேவையில்லை. போன் காட்டில பேசுற பொம்பிளை நடுவில வந்து நேரம் முடியப் போகுதெண்டு சொல்ல, பேக்கரி மனுசி பழக்கதோசத்தில அதையும் சீனத்தில மொழிபெயர்த்துப் போட்டா, சென் அம்மா எங்க போகப் போறீங்கள் எண்டு பதறினா. அண்டைக்குக் கத்தினது தான்தான், மன்னிக்கவேணும் எண்டு அம்மா முதல்ல சொன்னா. அந்தப் பக்கத்தில இருந்து ஒரு பெரிய சிரிப்பு. உங்கட சென் அம்மாவுக்குச் சங்கு ஊதின மாதிரிச் சிரிப்பு மகள், பின்னறைப் பாண் தட்டெல்லாம் அதிர்ந்தது.

பிறகு ரெண்டு பேரும் உன்னைப் பங்கு போடத் தொடங்கிச்சினம். சென் அம்மா கோழியை நல்லெண்ணெயிலயும் இஞ்சியிலயும் வதக்கி அரிசிச் சாராயம் விட்டுக் காய்ச்சுவாவாம். நல்லெண்ணெய் இஞ்சி எண்டு கேட்டவுடன அம்மான்ர முகம் மலர்ந்தது, இது எங்கட சமையல்தானே எண்டா. சாராயம் எண்டவுடன முகம் திரும்பச் சுருங்கினது. கொதிக்கேக்க அது போயிடும் எண்டு சென் அம்மா. போனால் ஏன் விடுறீங்கள் எண்டு அம்மா. கொஞ்சம் விட்டாலென்ன, குளிருக்கு நல்லதுதானே எண்டு நான் மொழிபெயர்க்கிற சாட்டில என்ர வசனம் ஒண்டையும் செருகினன். அதை ரெண்டு பக்கமும் கண்டுபிடிச்சு ரெண்டு பாசையிலயும் பேச்சு வாங்கினன். தலை முழுக்கில இன்னும் பெரிய சண்டை. ஒரு மாதத்துக்குத் தலையில தண்ணி படக்கூடாதெண்டு அவ, வேப்பிலை அவிச்சு வாக்காமல் பிள்ளைப்பெத்தவளை வீட்டுக்குள்ள வச்சிருக்கக் கூடாதெண்டு இவ. கடைசியில இஞ்சி போட்டு அவிச்ச தண்ணியில துணி நனைச்சு உடம்பு துடைக்கிறது, தலையைப் பற்றிப் பிள்ளை பிறந்தாப் பிறகு யோசிக்கிறது எண்டு முடிவாகிச்சுது. காலமைச் சாப்பாடு சென் அம்மா, பின்னேரம் அம்மா. சுறா வறைக்கு ரெண்டு பேரும் சம்மதம், பால் சுரக்குமெண்டது அங்கயும் தெரியுமாம், மீன் அந்த ஊரில வாசலில கட்டித் தொங்கவிட்டிட்டுப் போறவை இருக்கினம்தானே. உன்ர விருப்பத்தை ஒருத்தரும் கேக்கேல்லை, நீயும் கேப்பினம் எண்டு எதிர்பார்க்காதை.

எல்லாம் முடிஞ்சுதெண்டு நான் போனை வைக்கப் போக, சென் அம்மா இன்னும் ஏதோ சொல்லத் தொடங்கினா. இந்தமுறை சத்தம் குறைச்சல். பேக்கரி மனுசி கன நேரம் கேட்டுக்கொண்டே இருந்தா, எங்களுக்குச் சொல்லேல்லை, ஏப்ரனால கண்ணைத் துடைச்சா. என்ன என்ன எண்டு அம்மா என்ர கையைப் பிடிச்சு உலுப்பினா. பிறகு அந்த மனுசி இங்கிலிசில சொன்னா. சென் அம்மா கேக்கிறா, உங்கட மகள் நோவெண்டால் அழுற பிள்ளையோ, அழாத பிள்ளையோ. போன வருசம் அந்தக் குழந்தை போனபிறகு நாங்கள் எல்லாரும் ஆறுதல் சொல்லப் போனம், அவ சிரிச்சுக்கொண்டு எங்களுக்குத் தேத்தண்ணி ஊத்தித் தந்தா, அடுத்த ஞாயிறு பிள்ளையளுக்குப் பாட்டும் சொல்லிக் குடுத்தா. கட்டிப்பிடிக்கிறதோ, தனிய விடுறதோ எண்டு எனக்குத் தெரியேல்லை, அவ வேற நாட்டுப் பிள்ளை, எங்கட வழக்கம் அவவுக்குச் சரிவருமோ தெரியேல்லை, அதால தனிய விட்டிட்டு வந்தனான். அது எனக்கு இண்டுவரைக்கும் மனதில கிடக்குது. இந்தமுறை நீங்கள் வந்து சேர முதல் பிள்ளை வந்திட்டால், அவவுக்கு நோகேக்க நான் என்ன செய்யவேணும், அதை மட்டும் சொல்லித்தாங்கோ எண்டு.

நான் இங்கிலிசில கேட்டதை அம்மாவுக்குத் தமிழில சொன்னன். எப்பிடிச் சொல்லி முடிச்சன் எண்டு தெரியாது. அம்மா எனக்காகக் காத்துக்கொண்டு நிக்கேல்லை, குனிஞ்சு போனுக்குக் கிட்ட முகத்தை வச்சுத் தமிழிலேயே நேராச் சொன்னா, அவள் அழமாட்டாள் அக்கா, சின்னனிலயிருந்து அப்பிடித்தான், கேட்டால் ஒண்டுமில்லை எண்டுதான் சொல்லுவாள், நீங்கள் ஒண்டும் கேக்காதேங்கோ, கிட்ட இருந்து காலைப் பிடிச்சு விடுங்கோ, பாதத்தை, பெருவிரலுக்குக் கீழ, கொஞ்ச நேரத்தால தானே கதைப்பாள் எண்டு. பேக்கரி மனுசி என்னைப் பாக்கிறா, நான் இங்கிலிசாக்க வேணும். கால், கால் எண்டு என்ர காலையே தொட்டுக் காட்டினன். மிசிஸ் வோங் பணிசைக் கீழ வச்சிட்டா. எப்பிடியோ அது அங்க போய்ச் சேந்தது. சரி சரி எண்டு சென் அம்மா சொன்னது எனக்கே விளங்கினது.

அக்காவுக்கு உங்கட சீனத்தில என்ன சொல் எண்டு அம்மா பேக்கரி மனுசியிட்டக் கேட்டா. ஜியே ஜியேயாம். அதை அம்மா போனில ஒருக்காச் சொன்னா, இந்தமுறை உரத்துச் சொல்லேல்லை. மறுமொழியா என்ன வந்ததெண்டு நினைக்கிறாய், உங்கட கால் என்ன அளவு எண்டு கேட்டா சென் அம்மா. வீட்டுக்குள்ள போடுற செருப்பு வாங்கி வாசலில வைக்கவேணுமாம், வாற ஆளுக்குச் செருப்பு இல்லாமல் இருக்கக் கூடாதாம். அம்மா அந்த மாமூட்டையில காலைத் தூக்கி வச்சு அளக்க வெளிக்கிட்டா, நான்தான் பிடிச்சு இறக்கினன். அண்டைக்கு வீட்டை வந்து லாச்சியில இருந்த பிள்ளைச் சட்டையள் எல்லாம் திரும்பச் சூட்கேசுக்கை போச்சுது. நான் கதவடியில பாத்துக்கொண்டு நிண்டன்.

மகள், இதெல்லாத்தையும் உனக்குச் சொல்லக்கூடாது, திடீரெண்டு வாசலில வந்து நிக்கவேணும் எண்டதுதான் அம்மான்ர ஆசை. ஆனா உன்னை இந்த நிலைமையில திடுக்கிடப் பண்ண எனக்கு மனமில்லை, அதோட அம்மா வரவேண்டாம் எண்டு நீ இன்னொரு கடிதம் எழுதிப் போடுவியோ எண்டும் பயமா இருக்கு. அவைக்கு மனம் நோகும் எண்டு எழுதினாய், ஒருத்தருக்கும் நோகேல்லை, அவை தங்களுக்குள்ள பேசி முடிச்சிட்டினம். இனி நாங்கள் போன் எடுக்கேக்க ஒண்டும் அறியாத மாதிரிக் கதை, நாயகத்துக்கும் சொல்லிவை, அவருக்குப் பொய் சொல்ல வராது, போனில தடிமன் எண்டு சொல்லட்டும். நான் இஞ்ச எப்பிடிச் சாப்பிடுவன் எண்டு யோசிக்காதை, ஐஸ்கிறீம் டப்பா முழுக்கக் கறி காய்ச்சிப் போட்டு பிறிசரை நிரப்பிக்கொண்டிருக்கிறா, ஐஸ்கிறீம் எண்டு நினைச்சு நேற்று ஒண்டைத் திறந்தன், கணவாய். மிசிஸ் வோங்கும் என்னைப் பாத்துக்கொள்ளுவன் எண்டு சொல்லியிருக்கிறா, அவவின்ர போத்தல்களில மட்டும் கவனமா இருக்கிறன்.

இந்தமுறை நோகேக்க நோகுதெண்டு சொல்லு மகள். சிரிச்சுக்கொண்டு தேத்தண்ணி ஊத்த வெளிக்கிடாதை. மிசனுக்குப் போன ஆக்கள் எப்பவும் மற்றவைக்குத்தான் செய்யவேணும், தங்களுக்கு ஒருத்தரும் செய்யக்கூடாதெண்டு எந்தச் சுவாமியும் பிரசங்கத்தில சொன்னதை நான் கேக்கேல்லை. அழவேணும் போல இருந்தால் அழு. பக்கத்தில ரெண்டு பேர் இருப்பினம், ஒராள் உன்ர ஒரு காலைப் பிடிச்சால் மற்றவ மற்றக் காலைப் பிடிப்பா. குழந்தை ஆணோ பெண்ணோ, அழுது சத்தம் போடுற பிள்ளையாப் பிறக்கட்டும், எங்கட வீட்டில அது காணாது.

உன்னையும் மருமகனையும் வரப்போற குழந்தையையும், செருப்பு வாங்கி வைக்கிற அந்தச் சென் அம்மாவையும் ஆண்டவர் தன்ர கைக்குள்ள வச்சுக் காப்பாராக. மாதா துணை. பிளேன் வாற நாளும் நேரமும் வேற தாளில எழுதி இதோட வச்சிருக்கிறன், எயார்போட்டுக்குப் போகேக்க சென் அம்மாவையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு போ, அம்மான்ர கண் முதல்ல அவவைத்தான் தேடும், பிறகுதான் உன்னை. அம்மா வந்து இறங்கினவுடன எனக்கு ஒருக்காப் போன் எடு, எங்களுக்கு என்ன நேரமெண்டாலும் பரவாயில்லை. நான் மேல படுக்க மாட்டன், போனுக்குப் பக்கத்தில சோபாவிலதான் படுத்திருப்பன்.

இப்படிக்கு
உன்ர அன்பான அப்பா
யேசுரட்ணம்